நாளைப்போவார் பெயரில் ஒரு பள்ளி

தில்லை கூத்தனுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் பெயர் பெற்ற ஊராகும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ஆம் ஆண்டில் இங்குச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1920-இல் மீனாட்சி கல்லூரி தோன்றிற்று. 1929-இல் அதனை உள்ளடக்கி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இவற்றுக்கு இடைப்பட்ட 1916-ஆம் ஆண்டில், ஊரின் ஓரத்தே ஓமக்குளம் பகுதியில் இருபத்தைந்து பிள்ளைகளோடு ஒரு சிறு பள்ளி தொடங்கப் பெற்றது. அதனைத் தொடங்கியவர் இருபத்தாறு வயதே நிரம்பிய இளந்துறவி ஒருவர். அவரே சுவாமி சகஜானந்தர்.

சகஜானந்தர் 1890-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் ஆதிதிராவிடக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்தவப் பள்ளியொன்றில் பயின்றபோது அவருடைய கூர்த்த அறிவு ஆசிரியர்களைக் கவர்ந்தது. ஆயினும் மதம் மாற அவர் உள்ளம் இசையாமையால் கல்வி பாதியில் நின்றது. வறுமை அவரைக் கோலார் தங்கச் சுரங்கத்திற்கு ஈர்த்துச் சென்றது. படிப்பின் சுவை அறிந்த பின் அதனை இழப்பது எத்தகைய துன்பம் என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்துகொண்டார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து தமிழும் வடமொழியும் சமய நூல்களும் கற்றுத் துறவு பூண்டார். முனுசாமி சகஜானந்தர் ஆனார். 1910-ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்தார்.

அந்நாளில் சிதம்பரம், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் நெல் விளையும் வட்டங்களுள் ஒன்று. நிலம் ஒரு சாரார் கையிலும் உழைப்பு மற்றொரு சாரார் தோளிலும் இருந்தன. பண்ணையாளின் மகன் நடக்கத் தெரிந்ததும் மாடு மேய்க்கப் போனான். அவன் கூலி சிறிதாயினும், அது குடும்பத்தின் கஞ்சியில் ஒரு பங்காக இருந்தது. பிள்ளையைப் படிக்க அனுப்பத் தந்தை விரும்பினும், பண்ணையின் மனம் கோணாமல் அனுப்புதல் அரிதாயிற்று. பள்ளிக்கூடங்கள் பலவும் அப்பிள்ளைகளை உள்ளே ஏற்கத் தயங்கின. பெற்றோர்க்குக் கல்வியில் நாட்டமில்லை என்று மற்றவர்கள் எளிதில் கூறினர். அந்நாட்டம் பிறவாதபடி அடைக்கப்பட்டிருந்த வழிகளை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

சகஜானந்தர் தம் பள்ளிக்கு நந்தனார் பெயரைச் சூட்டியதன் பொருத்தம் இங்கே விளங்கும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார், தில்லைக்குப் போக ஆண்டையின் உத்தரவுக்குக் காத்திருந்தவர். நாற்பது வேலி நிலத்தின் வேலையும் முடிந்தாலன்றி அவருக்கு விடை கிடையாது. சேக்கிழாரின் நாயனாரோ நாளை நாளை என்று நாள் கழிந்தமையால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றவர். தில்லைக்குப் போவதற்கு நந்தனார் எதிர்கொண்ட தடையையே, பள்ளிக்குப் போவதற்கு அவர் வழிவந்த குழந்தைகளும் எதிர்கொண்டனர். அக்குழந்தைகளின் நாளையை இன்றாக்குவதே சகஜானந்தரின் வாழ்க்கைப் பணியாயிற்று.

வெறும் எழுத்தறிவிப்போடு அவர் நிற்கவில்லை. பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. பிள்ளைக்குச் சோறும் உறையுளும் கிடைத்தபோது, கூலி இழந்த பெற்றோரின் சுமை குறைந்தது. படிப்பதற்கு ஓர் இடமும் விளக்கும் அமைந்தன. பெற்றோரைக் கடிந்து திருத்துவதைவிட, அவர்கள் தம் கடமையைச் செய்ய வழி திறந்துவிடுவதே முதல் வேலை என்பதை அவ்விடுதி உணர்த்திற்று.

அக்காலத்தில் நாடெங்கும் கட்டாயக் கல்வி பற்றிய பேச்சு எழுந்திருந்தது. பரோடா மன்னர் 1906-இல் தம் நாடு முழுவதும் அதனை நடைமுறைப்படுத்தினார். கோகலே 1911-இல் கொணர்ந்த மசோதா மறு ஆண்டே தோற்கடிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் பிறந்தது. உள்ளாட்சி மன்றங்கள் விரும்பினால் அரசின் இசைவோடு தம் எல்லைக்குள் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. கட்டாயம் வந்த இடங்களில் பிள்ளையை அனுப்பும் பொறுப்பு பெற்றோர் மேல் விழுந்தது. ஆனால் விரும்பினால் என்னும் ஒரு சொல்லில் சட்டத்தின் வலிமை தேய்ந்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துமுன்பே, அதற்கு நான்காண்டுகள் முன்னதாக, எளியோரின் பிள்ளைகளைத் தேடிப் பள்ளி கண்ட பெருமை ஓமக்குளத்துக்கு உண்டு.

1927-இல் காந்தியடிகள் சிதம்பரம் வந்து நந்தனாரின் பெருமையைப் போற்றிப் பேசினார். சகஜானந்தர் சென்னைச் சட்டமன்றத்திலும் நெடுங்காலம் பணியாற்றினார். காவியுடுத்தவர்க்கு அரசியல் எதற்கு என்னும் ஐயத்திற்கு அவர் கட்டிய பள்ளியே விடையாகும். நிலமும் நிதியும் ஆணையும் அரசிடம் இருந்தன. அவற்றை ஏழைப் பிள்ளையின் பக்கம் திருப்ப ஒருவர் அங்கே இருக்க வேண்டியிருந்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க முயலுமாறு அரசுக்கு நெறி வகுத்தது. அக்கெடு முடிவதற்கு முன்னரே, 1959-ஆம் ஆண்டு மே முதல் நாள், சகஜானந்தர் மறைந்தார். கெடு கடந்தும் கனவு முற்றுப்பெறவில்லை. தமிழ்நாடு 1994-இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றியது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக்கியதோடு, கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவும் வகுத்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி குழந்தைக்குப் பள்ளியும் சேர்க்கையும் வருகையும் உறுதிசெய்வது அரசின் கட்டாயப் பொறுப்பு. கட்டாயம் என்னும் சொல் பெற்றோரை மட்டும் சுட்டாமல் அரசையும் சுட்டத் தொடங்க, ஓமக்குளத்துப் பள்ளி தோன்றிய பின் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் ஆயின.

இன்று கடலூர் மாவட்டத்தில் அடங்கிய சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் நடைபெறுகின்றன. சகஜானந்தருக்கு மணிமண்டபமும் எழுந்துள்ளது. எனினும் அறுப்புக் காலத்தில் ஒரு வகுப்பறையில் ஓர் இருக்கை வெறுமையாய் இருக்குமாயின், அவர் வாழ்க்கை எழுப்பிய வினா இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். அப்பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று பெற்றோரைக் கேட்கும் உரிமை, அனுப்புவதற்கு அவர்களுக்கு என்ன வழி செய்தோம் என்று தம்மைக் கேட்டுக்கொண்டோர்க்கே உண்டு. சகஜானந்தர் அவ்வாறு கேட்டுக்கொண்டவர். தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர்.