தன் கையெழுத்தையே பணமாக்கிய ராபர்ட் மோரிஸ்

அமெரிக்காவின் 1 டாலர் நோட்டில் இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டனை எல்லாருக்கும் தெரியும். அவருடைய படைக்குப் பணம் புரட்டிக் கொடுத்த ராபர்ட் மோரிஸைத் தெரியுமா? எனக்கே போன செமஸ்டரில்தான் தெரிந்தது. ஏதோ ஒரு அசைன்மென்டுக்காக லைப்ரரியில் புத்தகம் தேடப் போய், இவர் கதையில் மாட்டிக்கிட்டேன்.

1734-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா அமெரிக்காவின் மேரிலாந்தில் புகையிலை வியாபாரம் பார்த்தார். 13 வயதில் மகனும் அங்கே போய்ச் சேர்ந்தான். 1750-இல், ஒரு கப்பலில் மரியாதைக்காகச் சுட்ட பீரங்கியால் காயம்பட்டு அப்பா இறந்துபோனார். மரியாதையே எமனாக வந்துவிட்டது பாருங்க!

தனியாக நின்ற பையன், பிலடெல்பியா நகரில் சார்லஸ் வில்லிங் என்ற வணிகரிடம் தொழில் பழகினான். 1757-இல் வில்லிங்கின் மகனுக்கே கூட்டாளி ஆனான். கப்பல், சரக்கு, கடன் என்று கம்பெனி வளர்ந்தது. அதே கம்பெனி அடிமை வியாபாரமும் செய்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனசு வரலை.

சுதந்திரப் போர் வந்தது. 1776 ஜூலையில் சுதந்திரத்துக்கான ஓட்டெடுப்பு நடந்தபோது, இன்னும் நேரம் வரவில்லை என்று நினைத்து மோரிஸ் ஒதுங்கியே நின்றார். ஆனால் ஆகஸ்டில் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தோற்றிருந்தால் அது தூக்குக் கயிற்றுக்குப் போட்ட கையெழுத்து.

1781-இல் நாட்டின் கஜானா காலி. காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. அச்சடித்த காகிதப் பணத்தைக் கடைக்காரன் வாங்க மாட்டேன் என்கிறான். அப்போதுதான் மோரிஸை நிதிக் கண்காணிப்பாளராகக் கூப்பிட்டார்கள். சொந்த வியாபாரத்தை விடமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் வந்தார். இன்றைக்கு ஒரு அமைச்சர் அப்படிக் கேட்டால் சும்மா விடுவோமா? அன்றைக்கும் திட்டினார்கள். 1779-லேயே தாமஸ் பெயின் என்ற எழுத்தாளர் அவரைப் பத்திரிகையில் கிழித்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், 1782-இல் அரசுக்காக எழுத அதே பெயினைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டதும் மோரிஸ்தான்!

அவர் செய்த வேலை இதுதான். அரசாங்கத்தை யாரும் நம்பவில்லை, ஆனால் மோரிஸை வியாபாரிகள் நம்பினார்கள். அதனால் தன் கையெழுத்திட்ட சீட்டுகளை வெளியிட்டார். அரசு தராவிட்டால் நான் தருவேன் என்பதுதான் அதன் அர்த்தம். அந்தச் சீட்டுகள் பணமாகவே கைமாறின. வாஷிங்டனின் படை நியூயார்க் பக்கமிருந்து வர்ஜீனியாவுக்குக் கிளம்பியபோது, படகுக்கும் மாவுக்கும் ஓடி அலைந்தவர் இவர். வழியில் சம்பளம் கேட்டு முணுமுணுத்த சிப்பாய்களுக்கு ஒரு மாதக் கூலியைக் காசாகக் கொடுக்க, பிரெஞ்சு தளபதி ரோஷாம்போவிடம் கடன் வாங்கினார். அந்த அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். பின்னாளில் மைசூரில் திப்பு சுல்தானோடு மோதிய அதே கார்ன்வாலிஸ்தான்.

1782-இல் மோரிஸின் திட்டப்படி வட அமெரிக்க வங்கி திறந்தது. 1784-இல் பதவியை விட்டார். பிறகு செனட்டர் ஆனார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நில ஆசை பிடித்துக்கொண்டது. குடியேற ஆட்கள் வந்தால் விலை ஏறும் என்று லட்சக்கணக்கான ஏக்கர் காடுகளைக் கடனில் வாங்கிக் குவித்தார். கடனை அடைக்க மறுபடியும் அதே சீட்டு, அதே கையெழுத்து. கூட்டாளி நிக்கல்சனும் இவரும் ஒருவர் சீட்டுக்கு ஒருவர் ஜாமீன். அஸ்திவாரமே இல்லாமல் இரண்டு தூண்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற மாதிரி. சீட்டின் மதிப்பு டாலருக்குச் சில சென்ட் என்று சரிந்தது. பிலடெல்பியாவில் கட்ட ஆரம்பித்த மாளிகை முடியாமலே நின்றது. ஊரார் அதற்கு மோரிஸின் முட்டாள்தனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1798 பிப்ரவரியில் கடன்காரர் சிறைக்குப் போனார். அதே ஆண்டு பிலடெல்பியா வந்த வாஷிங்டன் சிறைக்குள்ளேயே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1801-இல் புதிய திவால் சட்டத்தால் வெளியே வந்தார். அப்போது கடன் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். ஒரு நண்பர் முயற்சியால் மனைவி மேரிக்குக் கிடைத்த ஆண்டுத் தொகையில்தான் குடும்பம் ஓடியது. 1806 மே மாதம் இறந்தார். உயிலில் மூத்த மகனுக்கு ஒரு தங்கக் கைக்கடிகாரம் அல்ல, சட்டைப்பையில் வைக்கும் பழைய தங்கக் கடிகாரம் ஒன்றை எழுதிவைத்தார். அது பீரங்கியால் இறந்துபோன அவருடைய அப்பாவின் கடிகாரம்.