ஸ்கியூஸ் கட்டிய ஈ

தூண்டிலிடுதலை ஒரு கலையெனக் கொள்வோர் இங்கிலாந்தில் நெடுங்காலமாக உளர். கலையென்றால் அதற்குச் சாத்திரமும் ஆசாரமும் தோன்றுதல் இயல்பே. அவ்வாசாரத்தை மீறியவரென்று முதுமையிற் குற்றஞ்சாட்டப்பெற்றவர் ஜோர்ஜ் எட்வேர்ட் மக்கென்சி ஸ்கியூஸ்.

1858ஆம் ஆண்டில் நியூபவுண்ட்லாந்திற் பிறந்த இவர், வின்செஸ்டர் கல்லூரியிற் கற்று, இலண்டனிற் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். மணஞ்செய்து கொள்ளவில்லை. ஓய்வு நாள்கள் பல இச்சன் ஆற்றங்கரையிற் கழிந்தன. சுண்ணாம்புப் பாறையினூடு ஊறிவரும் அவ்வாற்று நீர் பளிங்கு போன்றது. அதில் வாழும் டிரவுட் மீனை ஏய்ப்பது எளிதன்று.

பட்டுநூலையும் விலங்கின் மென்மயிரையும் சேவலின் கழுத்திறகையும் தூண்டில் முள்ளிற் சுற்றி ஈயின் உருவமைப்பது இக்கலையின் ஒரு பாதி. அக்காலத்தில் இதற்குப் பேராசானாக விளங்கியவர் பிரெடரிக் ஹல்போர்ட். மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறைபற்றி 1886இல் அவர் வெளியிட்ட நூல் பலருக்கு வேதமாயிற்று. போலி ஈ நீர்மேல் மிதத்தல் வேண்டும். அமிழ்ந்த ஈயால் மீன் பிடிப்பது பெருமக்களுக்கு அழகன்று என்பது அவர் வழிவந்தோர் துணிபு.

ஸ்கியூஸும் தொடக்கத்தில் அவ்வழி நின்றவரே. ஆயின், இறகு நன்கமையாத அவரது ஈயொன்று ஒருநாள் நீரில் அமிழ, மிதந்தவற்றை மதியாத மீன்கள் அதனைக் கவ்வின. பிறர் தற்செயலென்று விட்டிருப்பர். இவரோ, சட்டம் பயின்றவரல்லவா, சான்று தேடினார். எலும்பு மச்சையைத் தோண்டியெடுக்கும் ஒடுங்கிய கரண்டியால், பிடித்த மீனின் இரைப்பையிற் கிடந்ததை வழித்து, நீர் நிறைந்த வெண்கிண்ணத்தில் இட்டு நோக்கினார். மிதக்கும் ஈக்கள் எங்கும் பறந்த வேளையிலும் மீன் உண்டிருந்தவை பெரும்பாலும் வேறு: முட்டையினின்று வெளிப்பட்டு நீரடியில் வளர்ந்து, சிறகு விரியுமுன் மேலெழும் இளம்பூச்சிகள். அவற்றின் உருவையே மெல்லிய உடலும் குறுகிய இறகுமாகக் கட்டி, கண்ணிற்பட்ட மீனை நோக்கி நீரோட்டத்துக்கு எதிராக வீசலானார். 1910இலும் 1921இலும் வெளிவந்த அவர் நூல்கள் இம்முறையை விளக்கின.

பசிபிக் கரையோர ஆறுகளிலும் இத்தகைய வழக்கொன்று பிற்காலத்தில் எழுந்தது. சல்மன் மீன் முட்டையிடும் பருவத்தில், நீரோடு உருண்டுவரும் முட்டைகளை உண்ண டிரவுட் பின்னே காத்து நிற்கும். அம்முட்டை போலச் செம்மஞ்சள் நூலை உருண்டையாகக் கட்டி வீசுவோரை, இதுவும் ஓர் ஈயாகுமோ என்று வினவுவோர் இன்றும் உளர். மீனுக்கு அவ்வினா எழுவதில்லை.

1938இல் இலண்டன் தூண்டிலாளர் கழகத்தில் ஸ்கியூஸின் முறை தகுமோ தகாதோ என்று விவாதம் நடைபெற்றது. ஹல்போர்ட் இறந்து அப்போது இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் விதி மட்டும் இறக்கவில்லை. எண்பதை அணுகிய ஸ்கியூஸ் தம் கட்சியைத் தாமே எடுத்துரைத்தார். 1883 முதல் தாம் தூண்டிலிட்டுவந்த இச்சன் ஆற்றுப் பகுதியை அவ்வாண்டிலேயே விட்டு நீங்கினார். மறு ஆண்டு, அமிழும் இளம்பூச்சியைப் பற்றியே இன்னொரு நூலை வெளியிட்டார். 1949இல், தொண்ணூறாம் வயதில், காலமானார்.