சரித்திரம் படிக்க வைத்த கல்கி

பல்லவர் போரையும் சோழர் வீரத்தையும் பாடப் புத்தகத்துக்கு வெளியே, ஆசையோடு படிக்கும் பழக்கத்தைத் தமிழர்களிடையே பரப்பியவர் கல்கி. அவர் பள்ளி இறுதிப் பரீட்சைகூட எழுதாதவர்!

இயற்பெயர், ரா.கிருஷ்ணமூர்த்தி. மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி பிறந்தார். தந்தை ராமசாமி அய்யர், கிராமக் கணக்கர்.

திருச்சியில் படிக்கும்போது காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது. பரீட்சை நெருங்கிய வேளையில், 1921-ல் படிப்பை விட்டார். மறு ஆண்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

பிறகு திரு.வி.க.வின் "நவசக்தி"யிலும், ராஜாஜியின் "விமோசன"த்திலும், "ஆனந்த விகட"னிலும் பணியாற்றினார். 1941-ல் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து "கல்கி" வார இதழைத் தொடங்கினார்.

அதில்தான் "பார்த்திபன் கனவு", "சிவகாமியின் சபதம்" ஆகிய தொடர்கதைகள் வந்தன. 1950 முதல் 1954 வரை "பொன்னியின் செல்வன்" வெளிவந்தது.

கல்வெட்டும் கற்பனையும்

கல்கி மனம்போன போக்கில் கதை கட்டவில்லை. நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாற்று நூல்களைப் படித்தார். ஓவியர் மணியத்துடன் இலங்கை சென்று இடங்களை நேரில் பார்த்தார்.

சிவகாமி கற்பனைப் பாத்திரம். ஆனால் 642-ம் ஆண்டையொட்டி நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது உண்மை. நந்தினியும் பூங்குழலியும் கற்பனை. வந்தியத்தேவன் பெயரோ, குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது.

கதையில் வருவதெல்லாம் நடந்தவை என்று வாதாடுவோர் நம்மிடையே உண்டு. எல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டுமே தவறு. எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்துப் பார்ப்பதும் ஒரு சுவைதான்.

நம் தீவு

அருள்மொழிவர்மன் மணிமுடியை விட்டுக்கொடுப்பதோடு கல்கியின் கதை முடிகிறது. சரித்திரம் முடியவில்லை. அவன்தான் பின்னர் ராஜராஜ சோழன் ஆனான். அவன் மகன் ராஜேந்திரன் 1025-ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீது படை எடுத்தான். அவன் வென்ற இடங்களைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரமும் ஒன்று. அதுவே இன்றைய நிக்கோபார். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டபோது, அந்தப் பழைய கடற்போர் மீண்டும் பேசப்பட்டது.

"பொன்னியின் செல்வன்" முடிந்த அதே 1954-ல், டிசம்பர் 5-ந் தேதி கல்கி காலமானார். 1956-ல் "அலை ஓசை" நாவலுக்கு சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1999-ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அதனால் மலிவு விலையிலும் கிடைக்கின்றன.

படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குக் கப்பல் ஏறியவர்கள் இங்கே பலர். சரித்திரம் படித்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று அவர்கள் எண்ண வேண்டாம். கல்கியின் நாவலை முதலில் படியுங்கள். அடுத்து ஒரு சோழர் வரலாற்று நூலையும் எடுங்கள். அவரும் அப்படிப் படித்தவர்தான்.