கன்னத்தில் கைவைக்காத கப்பலோட்டி

கப்பல் கவிழ்ந்தாற்போலக் கன்னத்தில் கைவைத்து அமராதே என்று நம் வீட்டுப் பெரியோர் கடிந்துரைப்பதுண்டு. தேர்வில் ஒரு தாளில் தவறியவரையும் சிறு வணிகத்தில் முதலை இழந்தவரையும் தேற்ற இம்மொழியே பயன்படுகிறது. உண்மையிலேயே கப்பலை இழந்த ஒருவர் என்ன செய்தார் என்று எண்ணிப் பார்த்தால், இம்மொழியின் ஆழம் நமக்கு நன்கு விளங்கும். அவர்தாம் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார்.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதருக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்த சிதம்பரனார், தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் வணிகம் அந்நாளில் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தது. அதனை எதிர்த்து 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய் தந்து 8,000 பங்குகளை ஏற்றார். தமிழ் வளர்த்த வள்ளலும், வணிகச் செல்வரான ஹாஜியாரும், முப்பத்து நான்கு வயது வழக்கறிஞரும் ஒரே முயற்சியில் நம்பிக்கை வைத்தனர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

வெற்றி நீடிக்கவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் தோள்கொடுத்த சிதம்பரனார், மார்ச் 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். ஜூலை 7ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 40 ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். கம்பெனியும் தள்ளாடத் தொடங்கியது. ஒரு மனிதன் இழக்கக்கூடியவை அனைத்தையும் சில திங்களில் அவர் இழந்தார் எனலாம்.

இவ்விடத்தில்தான் நாம் அவரை உற்று நோக்க வேண்டும். கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தனர். அவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். தண்டனை 6 ஆண்டுகளாகக் குறைந்தது. அதே காலத்தில் எழுதுகோலையும் எடுத்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை மனம் போல வாழ்வு என்னும் பெயரில் தமிழாக்கினார். அது 1909இல் வெளிவந்தது. கண்ணூர்ச் சிறையில் மெய்யறம் என்னும் அறநூலை இயற்றினார். எண்ணத்தின் ஆற்றலைப் பேசும் நூலை மொழிபெயர்த்ததனால் செக்கின் பாரம் ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை. வலி வலியாகவே இருந்தது. ஆயினும் வலி தீர்ந்த பிறகு பணி செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. கப்பலைப் பறித்தவர்களால் அவரது தமிழைப் பறிக்க இயலவில்லை.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டிருக்கவில்லை. கம்பெனி கலைந்து கப்பல்கள் கைவிட்டுப் போயிருந்தன. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்துடன் வறுமையில் வாழ்ந்தபோதும் தொழிலாளர் நலனுக்கு உழைத்தார். நூல் பதிப்பிக்கும் பணியைத் தொடர்ந்தார். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் வெளியிட்டார். தொல்காப்பிய இளம்பூரணர் உரைப் பதிப்பிலும் அவர் உழைப்பு உண்டு. நம் துறை மாணவர்கள் இலக்கணப் பாடத்தில் இளம்பூரணத்தைப் புரட்டும்போது, செக்கிழுத்துக் காய்த்த கை அவ்வேடுகளைத் திருத்திய வரலாற்றையும் நினைத்தல் வேண்டும். உரிமம் மீளக் கிடைக்க உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸ் பெயரால் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இத்தனை துன்பத்திற்குப் பின்னும் அவர் நெஞ்சில் நன்றியுணர்வு வற்றாதிருந்தமை நம்மை வியக்க வைக்கிறது.

துன்பத்தைத் தாங்கினால் முடிவில் வெற்றி உறுதி என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. சிதம்பரனார் இழந்த செல்வம் திரும்பவில்லை. நாட்டின் விடுதலைக்குப் பதினோராண்டுகள் முன்னரே, 1936 நவம்பர் 18ஆம் நாள், தூத்துக்குடியில் அவர் மறைந்தார். அத்துறைமுகம் 2011இல்தான் அவர் பெயர் பெற்றது. ஆகவே பயன் கண்ணுக்குத் தெரிந்ததனால் அவர் நம்பிக்கை கொள்ளவில்லை. ஒரு வாயில் அடைபட்டால் எஞ்சிய வாயிலில் அன்றே பணியைத் தொடங்கினார். அதுவே அவர் கொண்ட நம்பிக்கை.

கட்டணம் செலுத்த வழியறியாது கலங்கும் மாணவரும், படித்து முடித்தும் வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரியும் நம்மிடையே உளர். அவர்கள் துயரைச் சிறிதென்று நாம் சொல்லவில்லை. இன்று கைக்கெட்டும் பணி ஒன்று உண்டா என்று மட்டும் தேடுக என்கிறோம். பெரியோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிதம்பரனாரின் கப்பல் கடலில் இறங்கியதற்கு, ஓர் இளைஞரை நம்பி 8,000 பங்குகளை ஏற்ற ஹாஜியாரும் ஒரு காரணர். இளையோரின் முயற்சிக்கு ஒரு பங்கேனும் ஏற்க நாமும் முன்வருவோமாக.