டால்ஸ்டாய் கண்ட சமாதான மார்க்கம்

மதம் உலகுக்குச் சமாதானம் அளிக்குமா என்று ஐயுறுவோர் பலர். மதத்தின் பெயரால் சிந்திய இரத்தத்தை நினைப்பவர்கள் அங்ஙனம் ஐயுறுவது இயல்பே. அன்னவர்க்கு ருஷ்ய ஞானி லியோ டால்ஸ்டாயின் ஜீவிய சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

1828-ம் வருஷத்தில் யாஸ்னயா பல்யானாவில் பிரபு குலத்தில் பிறந்த அவர், பிறவிச் சாது அல்லர். வாலிபத்தில் சூதாடினார், பட்டாளத்தில் சேர்ந்தார். கிரிமியா யுத்தத்தில் செபாஸ்டபோலில் பீரங்கிப் படை அதிகாரியாக நின்று, மனிதனை மனிதன் கொல்லும் கோரத்தை நேரிற் கண்டார். 'போரும் அமைதியும்' என்னும் நாவல் 1869-ல் பூர்த்தியாயிற்று, கீர்த்தி பெருகிற்று. செல்வமும் புகழும் நிறைந்திருந்தும், ஐம்பது வயதையொட்டி, வாழ்வின் பொருள் யாது என்ற வினா அவர் நெஞ்சை அறுத்தது. ஏசுநாதரின் மலைப்பிரசங்கத்தில் விடை கிடைத்தது. தீமையைப் பலாத்காரத்தால் எதிர்க்கலாகாது என்பதே அது. ஆகவே யுத்தத்துக்கும் மரண தண்டனைக்கும் மதத்தில் இடமில்லையென முடிவு செய்தார். சேனைகளை ஆசீர்வதிக்கும் திருச்சபையைக் கண்டித்தார். 1901-ல் திருச்சபை அவரை விலக்கிற்று.

அவர் சொல்லோடு நின்றாரல்லர். 1895-ல் காகஸஸ் பிரதேசத்து டுகோபார் என்னும் கிறிஸ்தவ வகுப்பினர் ஆயுதங்களைக் குவித்துத் தீயிட்டு, பட்டாள ஊழியத்தை மறுத்தனர். அதற்காகக் கொடுந்துன்பம் அநுபவித்தனர். 1899-ல் அவர்களில் ஏழாயிரவருக்கு மேற்பட்டோர் கானடாவில் குடியேறினர். அதன் பொருட்டு 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தை டால்ஸ்டாய் அளித்தார்.

ஆயுத பலத்தை நம்பிய தாரகநாத தாஸருக்கு 1908-ல் எழுதிய கடிதத்தில், இந்தியாவின் விடுதலைக்கு அன்பே ஆயுதமென்று வற்புறுத்தினார். அதைப் படித்த காந்தியடிகள் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1910-ல் ஜோஹன்னஸ்பர்க் அருகே ஏற்பட்ட சத்தியாக்கிரகிகளின் பண்ணை டால்ஸ்டாயின் பெயரையே பெற்றது. நம் தமிழ் மக்களும் அங்கே வாழ்ந்தனர்.

குறையையும் மறைக்கலாகாது. உலகுக்குச் சமாதானம் நாடியவர்க்குத் தம் இல்லத்தில் சமாதானமில்லை. 1910-ல் வீட்டைத் துறந்து புறப்பட்ட அவர், நவம்பர் 20-ந் தேதி அஸ்டபோவோ ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். நான்கே வருஷங்களில் ஐரோப்பா மகாயுத்தத்தில் வீழ்ந்தது. கிறிஸ்தவ தேசங்களே ஒன்றையொன்று அழித்தன.

எனினும் அவர் வழி பொய்த்ததென நாம் கருதவில்லை. உலகம் அவ்வழியிற் செல்லவில்லை, அவ்வளவே. மதம் ஆட்சியின் ஏவலாளாய் நிற்கும்வரை யுத்தத்துக்கே துணைபோகும். கொல்ல மறுக்கும் மனச்சாட்சியாய் மாறும்போதுதான் சமாதானம் பிறக்கும். தேசத் தொண்டர்கள் ஒவ்வொருவரும் தம் மதம் இவ்விரண்டில் எதுவென ஆராய்வாராக.