172 செ.மீ. உயரம், 50 கிலோ எடை: பேரரசி சிசியின் டயட் எலும்பை என்ன செய்யும்?

நெட்ஃபிளிக்ஸில் ‘தி எம்ப்ரஸ்’ பார்த்தவர்களுக்கு சிசியைத் தெரிந்திருக்கும். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். 1837-ல் மியூனிக்கில் பிறந்தவர். 16 வயதில் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பைக் கல்யாணம் செய்துகொண்டு வியன்னாவுக்கு வந்தார். தொடர் காட்டுவது அந்தக் காதலைத்தான். தராசோடு அவர் நடத்திய போராட்டம் வேறு கதை.

சிசியின் உயரம் 172 செ.மீ. எடையை 50 கிலோவுக்கு மேல் ஏறவிடக் கூடாது என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். இன்றைய பிஎம்ஐ கணக்கில் இது 17-க்கும் கீழே, 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. நான்கு குழந்தைகள் பெற்ற பிறகும் இடுப்பளவு சுமார் 50 செ.மீ. அடிக்கடி எடை பார்ப்பார். முள் கொஞ்சம் ஏறினால் அன்றைய சாப்பாடு காலி. பிழிந்த இறைச்சிச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, பால், ஆரஞ்சு என்று பல நாட்கள் ஓடின. கூடவே ஹோஃப்பர்க் அரண்மனையில் சொந்த ஜிம், மணிக்கணக்கில் குதிரை சவாரி. 1880-களில் குதிரையை விட்டுவிட்டு நடையைப் பிடித்துக்கொண்டார். அந்த வேகத்துக்குக் கூட வந்த தோழிகள் திணறிப்போனார்கள்.

பால் குடித்தார், உடற்பயிற்சி செய்தார், அப்புறம் எலும்புக்கு என்ன குறை என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

எலும்பு செத்த கட்டை இல்லை. பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதில் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. சாப்பாடு ரொம்பக் குறைந்தால் உடல் செலவைச் சுருக்கும். முதலில் கை வைப்பது இனப்பெருக்க ஹார்மோன்களில். ஈஸ்ட்ரோஜன் இறங்கும், பீரியட்ஸ் தவறும். அரிப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன்தான் என்பதால், அது இறங்கியதும் கட்டுவதைவிட அரிப்பது அதிகமாகிவிடும். அந்த நிலையில் கால்சியம் மட்டும் உள்ளே போய்ப் பெரிய பலன் இல்லை. சரியாகச் சாப்பிடாமல் செய்யும் கடும் உடற்பயிற்சி, பற்றாக்குறையை இன்னும் கூட்டும். மாரத்தான் ஓடும் ஒல்லியான பெண்களுக்குக் கால் எலும்பில் நுண்விரிசல் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்களும் தப்ப முடியாது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும்.

எடைக்கும் இதில் பங்கு உண்டு. உடல் பாரம் அழுத்த அழுத்தத்தான் எலும்பு உறுதியாகும். கொழுப்புத் திசுவும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். அதனால், பிஎம்ஐ 25 இருப்பவரோடு ஒப்பிட்டால், 20 இருப்பவருக்கு இடுப்பு எலும்பு முறியும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்காகக் குண்டாக இருப்பது நல்லது என்று அர்த்தம் இல்லை. கூடுதல் எடை உள்ளவர்கள் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நிதானமாக, போதிய புரதத்தோடு, பளு தூக்கும் பயிற்சியோடு. க்ராஷ் டயட்டில் எடை சரசரவென இறங்கும்போது எலும்பும் சேர்ந்தே இறங்கும். அதுவும் 30 வயதுக்குள் சேர்ப்பதுதான் எலும்பின் மூலதனம். அந்த வயதில் பட்டினி கிடப்பது, ஃபிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைக்கிற மாதிரி.

சிசி வாழ்ந்த காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் புழக்கத்துக்கு வந்தது, அவர் இறந்து சுமார் 90 ஆண்டுகள் கழித்து.

வயது ஏறியும் சிசி டயட்டை விடவில்லை. முப்பதுகளிலேயே போட்டோவுக்கு நிற்பதை நிறுத்தினார். விசிறியாலும் குடையாலும் முகத்தை மறைத்தார். சயாட்டிகா வலி படுத்தியது, கால்கள் வீங்கின. 1889-ல் மகன் ருடால்ஃப் தற்கொலை செய்துகொண்ட பிறகு கறுப்பு உடைதான், ஊர் ஊராகப் பயணம்தான்.

1898 செப்டம்பர் 10. ஜெனிவா ஏரிக்கரையில் லுயிஜி லுக்கேனி என்பவன் கூர்தீட்டிய அரத்தால் அவர் நெஞ்சில் குத்தினான். இறுக்கிக் கட்டிய கார்செட் ரத்தத்தை அடக்கிவைத்திருந்ததால், குத்துப்பட்டதே தெரியாமல் எழுந்து நடந்துபோய்க் கப்பல் ஏறினார். அங்கே சரிந்து விழுந்தார். வயது 60. வியன்னா அரண்மனையில் அவருடைய ஜிம் வளையங்கள் இன்றும் பார்வைக்கு இருக்கின்றன.