ஓரியூரில் முடிந்த நடை: புனித அருளானந்தர்

தமிழகம் வந்து தமிழ்ப் பெயர் பூண்ட மேலைநாட்டுத் துறவியருள் தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் தாம் இயற்றிய நூல்களால் நிலைத்தனர். அவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த அருளானந்தரோ, வாழ்ந்த வாழ்வினாலேயே நிலைபெற்றவர்.

1647 மார்ச் 1 அன்று லிஸ்பன் நகரில், அரசவையோடு நெருங்கிய குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. தந்தை பிரேசிலில் மறைந்தார். இளவரசர் பெத்ரோவின் தோழராக அரண்மனையில் வளர்ந்த சிறுவன், நோயுற்றுத் தேறியபின் தாயின் நேர்ச்சைப்படி ஓராண்டு துறவாடை அணிந்தான். அந்த ஆடை அவன் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. 1662-இல் இயேசு சபையில் சேர்ந்தான். தாயின் கண்ணீரும் தடுக்க இயலாதவராய் 1673-இல் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

கோவாவில் கல்வி முடித்து, மேற்குக் கரையிலிருந்து கால்நடையாகத் தமிழகம் புகுந்தார். பண்டார சுவாமிகளின் காவியுடையை ஏற்றார்; புலால் துறந்தார்; தமிழ் பயின்றார். ஆரணிக்குத் தெற்கேயுள்ள செஞ்சிச் சீமையிலும் தஞ்சைப் பகுதியிலும் பணியாற்றினார். 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிய காலம் அது. படையெடுப்புகளால் அலைக்கழிந்த மக்களிடையே, பெரும்பாலும் எளியோர் குடிசைகளையே தேடி அவர் நடந்தார்.

1686-இல் மறவர் நாட்டில் உபதேசியாரோடு சிறைப்பட்டுக் கொடிய வதைகளுக்கு ஆளானார். கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். ஆயினும் தம் நாட்டில் போதிக்கலாகாது எனத் தடை விதித்தார். சபைப் பணியாக 1688-இல் லிஸ்பன் சென்றபோது, இளமைத் தோழர் பெத்ரோ அரியணையில் இருந்தார். அங்கேயே தங்குமாறு மன்னர் வற்புறுத்தினார். பதவியும் பாதுகாப்பும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அவற்றை மறுத்து 1690-இல் இந்தியா திரும்பிய அவர், தடை விதிக்கப்பட்ட அதே மறவர் நாட்டுக்கு மீண்டும் சென்றார்.

மறவர் தலைவர் தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற விழைந்தார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அப்பெண்ணின் முறையீடு அரசரை எட்டியது. அறநெறி எனத் துறவி கருதியது, அப்பெண்ணுக்கு வாழ்விழப்பாக அமைந்தது. இருவர் பக்கமும் நின்று நோக்குவோர்க்கே இவ்வரலாற்றின் துயரம் முழுமையாக விளங்கும்.

1693 சனவரியில் அருளானந்தர் மீண்டும் சிறைப்பட்டார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்குக் கொண்டு செல்லப்பட்டார். எழுதுகோலும் மையும் இல்லாத சிறையில், கரியை நீரில் குழைத்துத் துரும்பால் தொட்டு, உடன் துறவியர்க்கு இறுதி மடல் வரைந்தார் என்பர். பிப்ரவரி 4 அன்று அவர் தலை துணிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஓரியூரின் செம்மண்ணை அவர் குருதி தோய்ந்த மண்ணாகப் போற்றி மக்கள் எடுத்துச் செல்கின்றனர். சமய வேறுபாடின்றி அங்கு வந்து வணங்குகின்றனர். பிறந்த மண்ணில் காத்திருந்த பெருவாழ்வினும், தாமே தேர்ந்துகொண்ட மண்ணில் காத்திருந்த முடிவையே தமதாக்கிக்கொண்டவர் அவர்.